ஊதா வளையம்

சர்க்கரை ஆலையில் வேலை என்று சொன்னால், மைசூரில் எங்கள் தெருக்காரர்கள் முதலில் கேட்பது சர்க்கரை சும்மா கொடுப்பார்களா என்றுதான். கொடுப்பதில்லை. போதாக்குறைக்கு, எனக்கும் சர்க்கரைக்கும் ஆகவே ஆகாது. ஆலையின் பாய்லருக்குப் போகும் தண்ணீரில் சர்க்கரை இருக்கிறதா என்று நாள் முழுக்கத் தேடுவதும், அது கிடைக்காத வரையில் நிம்மதியாக இருப்பதும்தான் என் உத்தியோகம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏதோ மூட்டைக் கணக்கு எழுதும் வேலையை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

விஷயம் சிக்கலானது ஒன்றுமில்லை. கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கை கன்வேயரில் ஏறிப் பாய்லருக்குப் போகும். அது எரிந்து தண்ணீர் நீராவியாகும். நீராவி டர்பைனைச் சுழற்றும், மின்சாரம் வரும். ஆலைக்கு வேண்டியது போக மீதி, கம்பி வழியே ஊருக்குப் போய்விடும். டர்பைனைச் சுழற்றிவிட்டுக் களைத்து வெளியே வரும் நீராவியையும் நாங்கள் சும்மா விடுவதில்லை. சாறு சுண்டும் கலன்களுக்கு அனுப்பி, அதன் மிச்சச் சூட்டையும் உருவிக்கொள்வோம். சூடு போனதும் அது தண்ணீராகி, மறுபடி பாய்லருக்கே திரும்பி வரும். எங்கள் வீட்டில் முந்தின நாள் சாதத்தை நான் என்னவெல்லாம் செய்வேனோ, அதைத்தான் இங்கே நீராவிக்குச் செய்கிறோம்.

இதில் ஒரே ஒரு பயம் உண்டு. அந்தக் கலன்களில் சாற்றுக்கும் நீராவிக்கும் நடுவே இருப்பது மெல்லிய குழாயின் சுவர் மட்டும்தான். ஏதாவது ஒரு குழாய் பொத்துக்கொண்டால், திரும்பி வரும் தண்ணீரோடு சாறும் சேர்ந்து பாய்லருக்குள் போய்விடும். அவ்வளவு சூட்டில் சர்க்கரை சிதைந்து புளித்த மாதிரி ஆகும், இரும்பை அரிக்கும், நுரை கிளம்பி டர்பைன் வரை போகும். ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் அந்த வருஷத்து அரவையே அம்போ.

அதனால் வேளை தவறாமல் சோதிக்கிறோம். கண்ணாடிக் குழலில் கொஞ்சம் தண்ணீர், அதில் மருந்து சில சொட்டு, பிறகு குழலைச் சாய்த்து அமிலத்தை ஓரமாக வழிய விட வேண்டும். சர்க்கரை இருந்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு வளையம் கட்டும். அந்தச் சோதனைக்கு நாக்கு ரொம்ப நீளம். விரலில் ஒட்டிய சர்க்கரைத் தூள் போதும், காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே என் லேபுக்குள் யாரும் பிஸ்கட் தின்னக் கூடாது, டீ குடிக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் என்னை ஹெட்மிஸ்ட்ரஸ் என்கிறார்கள். முகத்துக்கு நேராகவும் சிலர் சொல்வதுண்டு.

அந்தக் கார்த்திகை சோமவாரத்தன்று காலையில் ஆலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் நேரே லேபுக்குப் போகவில்லை. கரும்பு வண்டிகள் நிற்கும் மைதானத்துக்குப் போனேன். அங்கே என் அப்பாவின் கரும்பு வந்து நின்றிருந்தது.

அப்பாவுக்குக் கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம், ஹனூர் போகும் வழியில் நிலம். இரண்டு வருஷமாக வாய்க்காலில் தண்ணீர் சரியாக வரவில்லை, கரும்பு போடாமல் ராகியோடு ஒப்பேற்றினார். இந்த முறைதான் துணிந்து கரும்பு வைத்தார். இதுவும் கைவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மைசூருக்கு வந்து எங்கள் மாடி வீட்டில் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்தார். அதை அவர் சொன்ன குரலிலேயே, அது நடந்தால் மனிதர் உடைந்துபோவார் என்று தெரிந்தது. கரும்பு நன்றாகவே வந்தது. ஆனால் ஆலையிலிருந்து வெட்டச் சொல்லி உத்தரவு வரத் தாமதமாகி, பயிர் முற்றிக்கொண்டிருந்தது. ஒருவழியாக உத்தரவு வந்து, வெட்டி, டிராக்டரில் ஏற்றி, முந்தின நாள் சாயங்காலம் அவரே கூட உட்கார்ந்து வந்து, வரிசைக்கு டோக்கனும் வாங்கிவிட்டார். வெட்டிய கரும்பு காத்திருக்காது. வெயிலில் நிற்க நிற்க எடை போகும், சாறு போகும், கடைசியில் விறகுதான் மிஞ்சும்.

நான் போனபோது அவர் டிராக்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை கட்டி, தேங்காய் உடைத்து முடித்திருந்தார். எங்கள் பக்கத்தில் வருஷத்தின் முதல் வண்டி ஆலைக்குப் போனால் மாதேஸ்வரனை நினைத்து, பொரியும் பொட்டுக்கடலையும் வெல்லத்தூளும் கலந்து கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பது வழக்கம். ஒரு பெரிய தூக்குப் பாத்திரத்தை இடுப்பில் அணைத்தபடி, காவலாளி, எடை போடுகிறவர், பக்கத்து டிரைவர்கள் என்று ஒருவரையும் விடாமல் கை நிறையக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கை அள்ளினார். வெல்லம் பிசுபிசுவென்று பொரியில் ஒட்டியிருந்தது.

"வேண்டாமுங்கப்பா. டூட்டிக்குப் போறேன். இதத் தொட்டேன்னா அத்தனையும் கெட்டுப்போயிரும். சாயங்காலம் வாங்கிக்கறேன்."

"சாமி பிரசாதத்த வேண்டாம்ங்கற மொத ஆளு நீதான் அம்மிணி" என்றார். முகம் சுருங்கிவிட்டது. "உங்க ஃபேக்டரியில சாமிக்கும் டோக்கன் குடுப்பீங்களாட்ட இருக்குது."

அவருக்கு அது எப்போதும் 'உங்க ஃபேக்டரி'தான். உத்தரவு தாமதமானாலும், எடை குறைந்தாலும், ரோட்டில் குழி இருந்தாலும் உங்க ஃபேக்டரி. நான் லேபுக்கு நடந்தேன். மத்தியானத்துக்குள் அவர் முறை வந்துவிடும், வயிறு குளிர்ந்துபோய் அவரே போன் பண்ணுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

லேபில் காலைச் சுற்றில் எடுத்த சாம்பிள்கள் தயாராக இருந்தன. அவற்றை எடுத்து வருகிறவர் எங்களிடம் பல வருஷமாக இருக்கும் மனிதர், தலையில் பாதி நரை, நெற்றியில் எப்போதும் விபூதிப் பட்டை. ஒவ்வொரு குழாயிலிருந்தும் நீளக் கைப்பிடி போட்ட ஸ்டீல் மக்கில் தண்ணீர் பிடித்து, அதனதன் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வருவார். நான் கலன்களிலிருந்து திரும்பி வரும் தண்ணீரை முதலில் எடுத்தேன். மருந்து விட்டேன், அமிலத்தை வழிய விட்டேன்.

ஊதா வளையம் கட்டியது.

பல மாதம் அதைப் பார்க்காமல் இருந்தால், அது இருக்கிறது என்பதே மறந்துபோகும். இப்போது கண் முன்னால் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரித் தெளிவாக இருந்தது.

எங்களிடம் ஒரு விதி உண்டு. வளையம் தெரிந்தால் முதலில் போன், பிறகுதான் மறு சோதனை. சந்தேகத்தின் பலனைப் பாய்லருக்குக் கொடுக்க வேண்டும், கரும்புக்கு அல்ல. அந்த விதியைச் சுவரில் ஒட்டியதே நான்தான். போனை எடுத்தேன், மாலை கட்டிய டிராக்டர் கண்ணுக்குள் வந்து நின்றது. இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொன்னால் என்ன என்று மனசு பேரம் பேசியது. ஒரு மூச்சு நேரம்தான். எண்ணை அழுத்திவிட்டேன்.

பாய்லருக்கும் மின்சாரப் பிரிவுக்கும் சேர்த்துப் பொறுப்பில் இருந்தவர் என்னைவிட மூத்தவர். மேல்கோட்டைப் பக்கத்துப் பூர்வீகம், பிறந்து வளர்ந்தது மைசூர். என்னோடு தமிழ்தான் பேசுவார், பாதிக்குமேல் கன்னடமும் இங்கிலீஷும் கலந்திருக்கும்.

"ஷூரா மேடம்?"

"வளையம் நல்லாவே தெரியுது சார்."

"ஆயித்து. ரிட்டர்ன் வாட்டரை டிரெயினுக்குத் திருப்பிடறேன். இன்னொரு சாம்பிள் எடுத்துடுங்கோ."

திரும்பி வரும் தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போக ஆரம்பித்தது. பாய்லர் இனி சுத்திகரித்த புதுத் தண்ணீரை மட்டும் நம்பியிருக்க வேண்டும். அதற்கென்று ஒரு தொட்டி இருக்கிறது, ஆனால் முழுப் பசிக்கும் அது தாங்காது. சாம்பிள்காரர் ஓடிப் போய் மறுபடி எடுத்து வந்தார். மறுபடி ஊதா. முதலாவதைவிடக் கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான்.

தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. பொறுப்பாளர் வேறு வழியில்லாமல் அரவையை நிறுத்தச் சொல்லிவிட்டார். கலன்களைத் திறந்து, பொத்துப்போன குழாய் எது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். ஒரு நாளிலும் முடியலாம், மூன்று நாளும் இழுக்கலாம். பாய்லரை மட்டும் முழுதாக அணைக்காமல் சிறு தீயில் வைத்திருந்தார்.

ஆலை நிற்கும்போது ஒரு சத்தமின்மை வரும். அதற்குள் வேலை செய்கிறவர்களுக்கு அது பிடிக்காது. உருளைகள் நின்றன. கன்வேயரில் சக்கை ஏறிய இடத்திலேயே நின்றது. ஊருக்குப் போகும் மின்சாரமும் நின்றது. மைதானத்திலிருந்து ஆட்கள் உரக்கப் பேசும் குரல்கள் லேப் வரைக்கும் கேட்டன. அப்போதுதான் என் போன் அடித்தது.

"ஏம்மிணி, மிசின் நின்னுபோச்சு?"

"பாய்லர் தண்ணியில சக்கரை இருக்குதுங்கப்பா."

"சக்கரை ஃபேக்டரித் தண்ணியில சக்கரை இல்லாம உப்பா இருக்கும்?"

"அப்படி இல்லைங்கப்பா. அது இருக்கக் கூடாதுங்க."

"எப்ப ஓடும்?"

"தெரியலைங்க. நாளைக்கும் ஆகலாம், மேலயும் ஆகலாம்."

"வெயிலு பாரு, எப்படி அடிக்குதுன்னு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. வெயில் எப்படி அடிக்கிறது என்று எனக்குத் தெரியும். கார்த்திகை மாதத்தில் அப்படி அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நிறுத்த வைத்தது நான்தான் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். பாய்லர் கெட்டாலும் அவருக்கு நஷ்டம், நின்றாலும் அவருக்கு நஷ்டம். அந்தப் பொரியை வேண்டாம் என்று சொன்னதனால்தான் சாமி இப்படிச் சோதிக்கிறதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இப்படித் தோன்றலாமா என்றால், தோன்றியது, என்ன செய்ய.

சும்மா உட்காரப் பிடிக்காமல், பாய்லர் தண்ணீர் புளித்தால் எண் இறங்கிக் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். அசையாமல் இருந்தது. இவ்வளவு சர்க்கரை உள்ளே போயிருந்தால் இதற்குள் அது இறங்கியிருக்க வேண்டும். நல்ல செய்தியை உடனே நம்புகிற பழக்கம் எனக்கில்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்று முதலில் அதைத்தான் சந்தேகித்தேன். வேறொரு மீட்டரைக் கொண்டுவந்து வைத்தேன். அதுவும் அதையே சொன்னது.

அப்புறம்தான் காலைச் சுற்றில் வந்த பாட்டில்களில் ஒன்று கண்ணில் பட்டது. அது புதுத் தண்ணீர்த் தொட்டியின் சாம்பிள். ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து நிரப்பும் தொட்டி அது, சாற்றின் பக்கமே போகாது. அதில் சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. நான் பார்த்தேன்.

இருந்ததிலேயே கருமையான வளையம் அதில்தான் கட்டியது.

அந்தத் தொட்டிதான் சாம்பிள்காரர் முதலில் போகும் இடம். முதலில் எடுத்தது கருஊதா, அடுத்தது ஊதா, அதற்கப்புறம் எடுத்தது வெளிறிய ஊதா. எடுக்க எடுக்க வெளிறினால் சர்க்கரை தண்ணீரில் இல்லை, பிடிக்கிற பாத்திரத்தில். என் லேபில் கழுவிக் காயவைத்திருந்த புதுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு நானே தொட்டிக்கு ஓடினேன். மக்கெல்லாம் இல்லாமல் நேரே குழாயில் பிடித்தேன். வந்து சோதித்தால் ஊதாவின் சுவடே இல்லை. திரும்பி வரும் தண்ணீரையும் அப்படியே போய்ப் பிடித்து வந்தேன். அதிலும் இல்லை. எனக்கு நம்பிக்கை வராமல் இன்னொரு குழலில் போட்டுப் பார்த்தேன். இல்லவே இல்லை.

சாம்பிள்காரர் பம்ப் அறை வாசலில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். மக்கைக் கேட்டேன். கொடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உள்ளே பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் விளிம்பில் தகட்டை வெளிப்பக்கம் மடித்திருக்கும் இடுக்கில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அதில் பொட்டுக்கடலைத் துணுக்கு ஒன்று.

"இதுல என்ன வெச்சீங்க?"

அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பதறி எழுந்தார். தமிழும் கன்னடமுமாகக் கொட்டினார். "பிரசாதா மேடம். காலையில ஒரு பெரியவரு குடுத்தாரு. இவத்து, இன்னிக்கி, கார்த்திக சோமவாரா அல்லவா, நான் உபவாசா. பொழுது சாயற வரைக்கும் வாயில போடக் கூடாது. கீழ வெக்க ஆகுமா? பேண்ட் பாக்கெட்டுல போட ஆகுமா? பிரசாதா மேடம் அது. மக்கு ஒண்ணுதான் சுத்தமா இருந்துச்சு, அதுல வாங்கிக்கிட்டேன். அப்பறம் பம்ப் ரூம்ல சாமி படத்துக்கு முன்னாடி பேப்பர்ல மாத்தி வெச்சேன். கழுவிட்டுத்தான் மேடம் தண்ணி புடிச்சேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். என்னவென்று திட்டுவது? இடுப்புக்குக் கீழே இருக்கும் பையில் பிரசாதத்தை நானும் வைக்க மாட்டேன். அவர் கையில் இருந்ததிலேயே சுத்தமான பாத்திரத்தில்தான் அதை வாங்கியிருக்கிறார். அது சாமிக்குப் போதுமான சுத்தம், என் சோதனைக்குத்தான் போதவில்லை.

"எந்தப் பெரியவர்?" என்றேன், தெரிந்துகொண்டே.

"சிவப்பு டிராக்டர் மேடம். செவந்தி மாலை போட்டது. ஹனூர் பக்கம் போல. தமிழ்ல பேசுனாரு."

பம்ப் அறைச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு வந்து நாளாகியிருந்தது. பாதியில் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அவர் இன்னும் பயந்துபோனார். "போங்க, போய் அந்த மக்கைத் தூரப் போடுங்க, பிரசாதத்தைச் சாயங்காலம் நிம்மதியாச் சாப்பிடுங்க" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

பொறுப்பாளர் கலன்களுக்கு அருகே ஆட்களோடு நின்றார். திறப்பதற்கு ஸ்பேனரெல்லாம் வந்து இறங்கியிருந்தது. "சார், திறக்க வேண்டாம். குழாய் எதுவும் பொத்துக்கலை. சாம்பிள் மக்குல வெல்லம்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "வெல்லமா? எங்கே இருந்து?"

"எங்கப்பா குடுத்த பிரசாதம்."

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்பாடா. வெல்லம்னா போகட்டும் விடுங்கோ மேடம், பரவால்லே" என்றார். அவர் கண் முன்னாலேயே இன்னும் ஒரு முறை சோதித்துக் காட்டினேன். பாய்லரின் தீயை ஏற்றச் சொன்னார். "உங்கப்பா லோடை முதல்ல விடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். டோக்கன்படியே வரட்டும் என்றேன். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று ஒரு தரம் நினைத்துக்கொண்டேன்.

உருளைகள் மறுபடி சுற்ற ஆரம்பித்தபோது காலுக்கடியில் தரை அதிர்ந்தது. வேறு நாளாக இருந்தால் கவனித்திருக்க மாட்டேன். அன்றைக்கு அந்த அதிர்வு உடம்புக்கு இதமாக இருந்தது.

அப்பாவின் வண்டி பொழுது சாயும் நேரத்தில் உள்ளே போய், கரும்பை இறக்கிவிட்டு வெளியே வந்து நின்றது. நான் டூட்டி முடித்து வந்தேன். அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தன் கரும்பு போன வழியையே பார்த்தபடி வேலியோரம் நின்றிருந்தார். மேலே கன்வேயரில் சக்கை ஏறிக்கொண்டிருந்தது. புகைபோக்கியிலிருந்து வெள்ளையாகப் புகை போனது. வாடிப்போகும் முன் கரும்பு ஆலைக்குள் போய்விட்டது, எடையும் பெரிதாகக் குறையவில்லை என்று சொன்னார். குத்தகையைப் பற்றிப் பேசவில்லை. வாய்க்காலைத் தூர்வாரினால் அடுத்த முறை கிழக்குப் பக்கமும் கரும்பு வைக்கலாம் என்றார். அதைக் கேட்டபோதுதான் காலையிலிருந்து தூக்கிச் சுமந்த ஏதோ ஒன்று என் தோளிலிருந்து இறங்கியது.

அவரிடம் மறைக்கப் பிடிக்கவில்லை. நடந்தது முழுவதையும் சொன்னேன். மக்கு, வெல்லம், ஊதா வளையம், எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகம் என்னென்னவோ ஆனது.

"ஒரு துணுக்கு வெல்லத்துக்கு இத்தாப் பெரிய மிசினு நின்னுருமா?"

"நின்னுருமுங்க. நிறுத்தோணும்."

"நிறுத்த வெச்சது ஆரு?"

"நாந்தானுங்கப்பா."

"நம்ம வண்டி வெயில்ல நிக்கறது தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதானுங்க."

அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். பக்கத்து டிராக்டரின் நிழலில் அவர் வயதுக்காரர் இரண்டு பேர், காலையில் ஆலையைக் கண்டபடி பேசிக்கொண்டிருந்தவர்கள், உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அவர்கள் பக்கம் திரும்பினார்.

"காத்தால ஃபேக்டரிய நிறுத்துனது ஆருன்னு கேட்டீங்களே. எம்பட புள்ளைதானுங்க. அப்பன் கரும்பு நின்னாலுஞ் சரின்னு நிறுத்திப்போட்டா."

அதை அவர் சொன்ன தோரணையில் ஒரு துளிக் கோபமும் இல்லை. தலையை ஒரு மாதிரி நிமிர்த்திக்கொண்டு, ஊரில் கோயில் கமிட்டியில் பேசுவதுபோலச் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கன்வேயரைப் பார்த்தேன்.

பிறகு டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து தூக்குப் பாத்திரத்தை எடுத்தார். அடியில் எனக்கென்று மிச்சம் வைத்திருந்தார். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். பஸ் ஹாரன் அடித்தது, நான் கிளம்பத் திரும்பினேன்.

"நில்லு அம்மிணி" என்றார் அப்பா. "கையோட எடுத்துட்டுப் போகாத. இங்கயே நின்னு தின்னுபோட்டு, அந்தக் குழாயில நல்லாக் கைய கழுவிட்டுப் போ. நம்ம ஃபேக்டரி மறுக்கா நின்னுறப் போகுது."